ஜொகூர் கடற்பாலம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் செல்வோர் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடப்பர். கடைப் பலகைகளில் எழுத்து மாறும், சாலை மாறாது. 1956 நவம்பர் 1 ஆம் நாளுக்கு முன்னர் அங்கே மாநில எல்லையே இல்லை. சாலை முந்தியது, எல்லை பிந்தியது. தமிழர் பலர் குடியேறி வாழும் மற்றோரிடத்திலும் இவ்வாறே நேர்ந்தது. ஆனால் அங்கே பிரிந்தவை இரு நாடுகள்.

சிங்கப்பூர்த் தீவை மலாயாவிலிருந்து பிரிப்பது ஜொகூர் நீரிணை. பார்வைக்கு அகன்ற ஆறு போன்றது. முற்காலத்தில் இரயில் பெட்டிகளையும் படகில் ஏற்றியே அக்கரை சேர்த்தனர். ரப்பர் முதலிய சரக்குகள் பெருகவே படகுகள் போதவில்லை. 1919 இல் பாலப்பணி தொடங்கியது. பாலம் என்கிறோமே தவிர, அது தூண்களின்மேல் நிற்பதன்று. கருங்கற்களைக் கடலில் கொட்டி எழுப்பிய மேடு. நீளம் 1 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. சாலையும் இருப்புப்பாதையும் அதன்மேல் அமைந்தன. 1924 ஜூன் 28 இல் முறைப்படி திறக்கப்பட்டது.

நீரிணையை மேடு அடைத்துவிட்டால் கப்பல்கள் எவ்வழிச் செல்லும்? அதற்காக ஜொகூர்க் கரையோரம் ஒரு கால்வாய் அமைத்தனர். ஓதத்தினால் மேட்டின் இருபுறத்திலும் நீர்மட்டம் வேறுபடும். எனவே கால்வாய்க்கு இரு முனைகளிலும் கதவுகள் உண்டு. கப்பல் நுழைந்ததும் பின்கதவை மூடுவர். உள்ளிருக்கும் நீரை மறுபுறத்து மட்டத்திற்கு ஏற்றியோ இறக்கியோ முன்கதவைத் திறப்பர். கால்வாயின்மேல் சாலை செல்லும் பகுதி ஒரு தூக்குப்பாலம். கப்பல் வருங்கால் அது மேலெழும். வண்டிகள் காத்து நிற்கும்.

1942 ஜனவரி 31 இல், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அத்தூக்குப்பாலத்தையும் மேட்டின் ஒரு பகுதியையும் வெடிவைத்துத் தகர்த்தது. பயன் சிறிதே. ஜப்பானியப் படை பிப்ரவரி 8 ஆம் நாள் இரவு படகுகளில் நீரிணையைக் கடந்தது. பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. உடைந்த மேடு பின்னர் இணைக்கப்பட்டது. கால்வாய் மட்டும் மீண்டும் திறக்கப்படவேயில்லை.

1965 ஆகஸ்ட் 9 இல் சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்து தனி நாடாயிற்று. உள்நாட்டுச் சாலையாயிருந்த பாலத்தைக் கடக்க இப்போது கடவுச்சீட்டு வேண்டும். ஜொகூர் பாருவில் வீடும் சிங்கப்பூரில் வேலையுமாக வாழ்வோர் விடியுமுன்பே எழுந்து வரிசையில் நிற்கின்றனர். அவர்களுள் தமிழரும் உளர். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குக் குழாய்வழி நீரும் வருகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவினால் எல்லை மூடப்பட்டது. வேலையை விட இயலாமல் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்ட பெற்றோர் பலர், அக்கரையிலிருந்த பிள்ளைகளை மாதக்கணக்கில் காணவில்லை. அவ்வாண்டு களியக்காவிளையிலும் தடுப்புகள் நின்றதை உங்கள் வீட்டுப் பெரியோர் நினைவுகூரக்கூடும். கடற்பாலத்தில் சரக்கு வண்டிகள் ஓடின. குழாயில் நீரும் ஓடியது.

அருஞ்சொற்பொருள்
நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய கடல்
ஓதம் – கடல்நீரின் ஏற்றவிறக்கம்

பயிற்சி
1. கால்வாய்க்கு இரு கதவுகள் ஏன் தேவைப்பட்டன? படம் வரைந்து விளக்குக.
2. 'முந்தியது', 'பிந்தியது' ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைக்க.
3. உங்கள் குடும்பத்தார் முதன்முதலில் எல்லை கடந்து திருவனந்தபுரம் வந்த ஆண்டையும் காரணத்தையும் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.