பேச்சும் எழுத்தும் மெதுவாக வரும் பிள்ளைகளுக்கு: வீட்டிலேயே செய்யக்கூடிய குறிப்புகள்

1. "அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று பெரியவர்கள் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். முதலில் காது பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் காசில்லாமல் பார்ப்பார்கள்.

2. கேள்வி கேட்டதும் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிள்ளைக்கு வார்த்தை வந்து சேர அந்த நேரம் வேண்டும். அக்கா, அண்ணன் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. "தோதை" என்று கேட்டால், "சரியாச் சொல்லு" என்று நிறுத்திவைக்க வேண்டாம். "ஆமா, தோசை! முறுகல் தோசை வேணுமா?" என்று நீங்கள் சொன்னால் போதும். சரியான சொல்லும் காதில் விழும், தோசையும் ஆறாது.

4. பிஸ்கட் கவர், பால் பாக்கெட், பழைய காலண்டர் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி, மேலே செல்லோ டேப் போட்டுவிடுங்கள். வேண்டியதைப் பிள்ளை எடுத்துக் காட்டும், அழுகை குறையும். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்ற பயமே வேண்டாம். பேச்சுக்கு அது துணைதான்.

5. ல, ள, ழ குழம்பினால் நோட்டில் நூறு தடவை எழுதவைக்காதீர்கள், கைதான் வலிக்கும். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரே எழுத்து. தட்டை லேசாக ஆட்டினால் அழிந்துவிடும். அதே ரவை மாசக்கணக்கில் வரும்.

6. கல்யாணப் பத்திரிகை அட்டையின் நடுவே ஒரு வரி அளவுக்கு நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். புத்தகத்தின் மேல் வைத்து நகர்த்தினால் ஒரு வரி மட்டும் தெரியும், கண் தாவாது.

7. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். 32-லிருந்து 17-ஐக் கழிக்க இரண்டு குச்சி போதாதபோது, பிள்ளையே ஒரு கட்டைப் பிரிக்கட்டும். கடன் வாங்கிக் கழிப்பது அப்போது கையிலேயே புரிந்துவிடும்.

8. சமூக அறிவியல் பாடத்தை உங்கள் குரலில் போனில் பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் சமைக்கும் நேரத்தில் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

9. எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில், ஜெராக்ஸோடு வையுங்கள். கற்றல் குறைபாடும் பேச்சு, மொழிக் குறைபாடும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் ஆள் போன்ற சலுகைகள் உண்டு. என்னென்ன சான்று வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டால் கடைசி நேர அலைச்சல் மிச்சம்.