இலக்கின் தேதியிலிருந்து தொடங்குவோம்: மாதாந்திரப் பரஸ்பர நிதி முதலீடு குறித்து ஒரு பாடம்

நம் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாதம் ஐயாயிரம் ரூபாய் போடலாம் என்று இருக்கிறோம், எந்தத் திட்டம் நல்லது?" என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். ஆயினும் அதற்கு முன் விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. அந்தப் பணம் எதற்காக? அது எந்த ஆண்டில் கைக்கு வர வேண்டும்? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், மாதத் தொகை எவ்வளவு, அதை எவ்வகை நிதியில் இடுவது, எப்போது வெளியே எடுக்கத் தொடங்குவது ஆகிய மூன்றையும் முடிவுசெய்வது எளிதாகும். ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதனைப் படிப்படியாகக் காண்போம்.

எஸ்.ஐ.பி. என்பது செலுத்தும் முறையே

பரஸ்பர நிதி எனப்படும் மியூச்சுவல் ஃபண்டில் ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட தொகையைச் செலுத்தும் முறைக்கே எஸ்.ஐ.பி. என்று பெயர். அது தனியொரு திட்டமன்று. எந்த நிதியில் செலுத்துகிறோமோ அந்த நிதியின் இயல்பையே நம் முதலீடும் பெறும்.

இம்முறையின் பயனைச் சிறு கணக்கால் அறியலாம். மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று மாதங்கள் செலுத்துகிறோம். ஒரு யூனிட்டின் நிகர சொத்து மதிப்பு முதல் மாதம் 50 ரூபாய், இரண்டாம் மாதம் 40 ரூபாய், மூன்றாம் மாதம் மீண்டும் 50 ரூபாய். கிடைக்கும் யூனிட்டுகள் முறையே 100, 125, 100, ஆக 325. செலுத்திய 15,000 ரூபாயின் மதிப்பு மூன்றாம் மாதத்தில் 16,250 ரூபாய். விலை இறங்கிய மாதத்தில் கூடுதல் யூனிட்டுகள் சேர்ந்ததே இதற்குக் காரணம். ஆனால் மூன்றாம் மாதத்திலும் விலை 40 ரூபாயாகவே இருந்திருந்தால் நட்டமே மிஞ்சியிருக்கும். எஸ்.ஐ.பி. சராசரி விலையைச் சீராக்குமேயன்றி, நட்டம் வராது என்ற உறுதியைத் தராது.

முதற்படி: இலக்குக்கு ஒரு தேதி

"பிள்ளையின் படிப்புக்கு", "ஓய்வுக் காலத்துக்கு" என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, ஆண்டைக் குறித்து எழுத வேண்டும். மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோரை எடுத்துக்கொள்வோம். குழந்தை 18 வயதில் கல்லூரியில் சேரும். கால அளவு 15 ஆண்டுகள். அவர்கள் விரும்பும் படிப்புக்கு இன்று 10 லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொள்வோம்.

ஒரே குடும்பத்தில் பல இலக்குகள் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே முதலீட்டில் கலந்துவிடாமல், ஒவ்வோர் இலக்குக்கும் தனி எஸ்.ஐ.பி. வைத்துக்கொள்வது நல்லது. வருமானம் போதாதபோது எதற்கு முதலிடம் என்ற கேள்வி எழும். படிப்புக்கு வங்கிகள் கடன் தருகின்றன; ஓய்வுக் கால வாழ்க்கைச் செலவுக்கு அத்தகைய கடன் இல்லை. பிள்ளைக்காக ஓய்வுக் காலச் சேமிப்பை முழுவதும் நிறுத்துவோர், பின்னாளில் அதே பிள்ளையைச் சார்ந்திருக்க நேரலாம்.

இரண்டாம் படி: இன்றைய விலையை அன்றைய விலையாக்குதல்

இன்றைய 10 லட்சம் 15 ஆண்டுகள் கழித்துப் போதாது. ஒரு செலவு எத்தனை ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்பதை அறிய எளிய வழி உண்டு: 72 என்ற எண்ணை ஆண்டு உயர்வு விகிதத்தால் வகுக்க வேண்டும். உயர்வு 6 சதவீதமானால் 12 ஆண்டுகள். 8 சதவீதமானால் 9 ஆண்டுகள். கல்விச் செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் உயரும் என்று கொண்டால், 10 லட்சம் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ 31.7 லட்சம் ஆகிறது. இதுவே உண்மையான இலக்கு.

மூன்றாம் படி: மாதத் தொகை

பங்குச் சந்தை இவ்வளவுதான் தரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. கணக்கிடுவதற்கு ஓர் அனுமானம் மட்டுமே கொள்ளலாம். ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைக்கும் என்று கொண்டால் மாதம் சுமார் 6,300 ரூபாய் போதும். 10 சதவீதமானால் 7,600 ரூபாய். 8 சதவீதமானால் 9,100 ரூபாய். உயர்ந்த அனுமானம் மாதத் தொகையைச் சிறிதாக்கிக் காட்டும். அது பொய்த்தால் குறைவு தெரியவரும் காலம் கல்லூரி வாசலாக இருக்கும். ஆகவே 10 சதவீதத்தையே நம் கணக்கில் கொள்வோம்.

இதே பெற்றோர் ஐந்து ஆண்டுகள் தாமதித்துத் தொடங்கினால், அதே இலக்குக்கு மாதம் ஏறத்தாழ 15,400 ரூபாய் வேண்டும். முதலில் தொடங்கியவர்கள் 15 ஆண்டுகளில் செலுத்துவது மொத்தம் 13.7 லட்சம், தாமதித்தவர்கள் 10 ஆண்டுகளில் செலுத்துவது 18.5 லட்சம்.

இப்போதே 7,600 ரூபாய் ஒதுக்க இயலாதோருக்கும் வழியுண்டு. மாதம் 4,300 ரூபாயில் தொடங்கி, ஆண்டுதோறும் தொகையை 10 சதவீதம் உயர்த்தினாலும் அதே அனுமானத்தில் இலக்கை எட்டலாம். ஆனால் கடைசி ஆண்டில் மாதத் தொகை 16,300 ரூபாயாக உயர்ந்திருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஊதியம் சீராக உயர்வோருக்கே இம்முறை பொருந்தும்.

நான்காம் படி: தேதிக்கேற்ற நிதி

மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்துக்குப் பங்குச் சார்ந்த நிதி ஏற்றதன்று. தொடர் வைப்பு, நிரந்தர வைப்பு, லிக்விட் ஃபண்ட் போன்றவற்றை நாடலாம். மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை உள்ள இலக்குகளுக்குப் பங்கும் கடன் பத்திரமும் கலந்த கலப்பு நிதிகளைக் கருதலாம். அதற்கும் மேற்பட்ட இலக்குகளுக்கே பங்குச் சார்ந்த நிதிகள் பொருந்தும். அவற்றுள்ளும் சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில் பெரும்பகுதியை இடும் லார்ஜ் கேப் நிதிகளும் குறியீட்டு நிதிகளும் அடிப்படையாக இருக்கட்டும். 251ஆம் இடத்திலிருந்து தொடங்கும் சிறு நிறுவனங்களின் பங்குகளை நாடும் ஸ்மால் கேப் நிதிகளில் ஏற்ற இறக்கம் மிகுதி. ஒவ்வொரு திட்டத்தின் ஆவணத்திலும் ஆறு நிலைகள் கொண்ட ரிஸ்க்-ஓ-மீட்டர் அச்சிடப்பட்டிருக்கும். அதன் முள் எங்கே நிற்கிறது என்று பாராமல் கையெழுத்திடலாகாது.

ஐந்தாம் படி: கடைசி மூன்று ஆண்டுகள்

பலர் கவனிக்கத் தவறுவது இப்படியைத்தான். நம் எடுத்துக்காட்டில் மாதம் 7,600 ரூபாய் செலுத்தினால், முதலாண்டு முடிவில் சேர்வது சுமார் 96,000 ரூபாய். அப்போது சந்தை 20 சதவீதம் சரிந்தால் இழப்பு சுமார் 19,000 ரூபாய், அதாவது இரண்டரைத் தவணை. 12ஆம் ஆண்டு முடிவில் சேர்ந்திருப்பது ஏறத்தாழ 21 லட்சம். அதே 20 சதவீதச் சரிவு இப்போது 4.2 லட்சத்தைக் கொண்டுபோகும். அது 55 தவணைகளுக்குச் சமம். புதிதாகச் செலுத்தும் 7,600 ரூபாய் எத்தனை மலிவாக யூனிட்டுகளை வாங்கினாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப நெடுங்காலம் பிடிக்கும். தொடக்கத்தில் நம்மைக் காக்கும் சராசரி விலை, சேமிப்பு பெருகப் பெருக வலுவிழக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200 புள்ளிகளுக்கும் கீழே இறங்கியது. அக்குறியீட்டை ஒட்டிச் சென்ற 20 லட்சம் ரூபாய் முதலீடு 8 லட்சத்துக்கும் கீழே வந்திருக்கும். 2010 நவம்பரில் சென்செக்ஸ் மீண்டும் 21,000 புள்ளிகளை எட்டியது. இலக்கு தொலைவில் இருந்தவர்களுக்கு அவ்வீழ்ச்சி மலிவு விலையில் யூனிட் சேர்க்கும் காலமாயிற்று. 2009 ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவர்களுக்கோ, சந்தை மீளும் வரை காத்திருக்க வழியில்லை. சந்தையும் நிதியும் இருவருக்கும் ஒன்றே. அவர்களைப் பிரித்தது இலக்கின் தேதி மட்டுமே.

ஆகையால், இலக்குக்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே, சேர்ந்த தொகையை மாதந்தோறும் சிறுபகுதியாக லிக்விட் நிதிக்கோ குறுகிய காலக் கடன் பத்திர நிதிக்கோ வைப்புக்கோ மாற்றத் தொடங்க வேண்டும். ஒரே நிதி நிறுவனத்துக்குள் இவ்வாறு மாற்ற எஸ்.டி.பி. என்னும் வசதி உண்டு. சந்தை ஏறுமுகமாக இருக்கையில் இப்படி வெளியேற மனம் ஒப்பாது. எனவே மாற்றம் தொடங்கும் மாதத்தை இன்றே குறித்து வைத்துவிடுவது நல்லது.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. பாதுகாப்பான பகுதியில் ஆண்டுக்கு 6.5 சதவீதமே கிடைக்கும் என்று கொண்டால், இறுதித் தொகையில் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் குறையும். தொடக்கத்திலேயே மாதத் தொகையை 7,600 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக வைத்துக்கொண்டால் அக்குறை நிரம்பிவிடும். மாதம் 400 ரூபாயில் மகனின் அல்லது மகளின் கல்லூரிச் சேர்க்கையைச் சந்தையின் ஒரு மோசமான ஆண்டிலிருந்து பெரும்பாலும் விலக்கி வைக்கலாம் என்பதே இதன் பொருள்.

வரியும் செலவும்

மேற்கண்ட கணக்குகளில் வரி சேர்க்கப்படவில்லை. 2024 ஜூலை 23 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, பங்குச் சார்ந்த நிதியை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான ஆதாயத்துக்கு வரியில்லை. அதற்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம். 12 மாதங்களுக்குள் விற்றால் 20 சதவீதம். எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் இந்தக் கால அளவு தனித்தனியே கணக்கிடப்படும். 2023 ஏப்ரல் 1க்குப் பின் கடன் பத்திர நிதிகளில் செய்த முதலீட்டின் ஆதாயம், அவரவர் வருமான வரி விகிதப்படி வரிக்கு உட்படும். எஸ்.டி.பி. மூலம் மாற்றுவதும் விற்பனையாகவே கருதப்படும். ஆனால் மாற்றத்தை மூன்று நிதியாண்டுகளில் பரப்பினால், 1.25 லட்சம் விலக்கு மூன்று முறை கிடைக்கும். கடைசி ஆண்டுகளில் படிப்படியாக வெளியேறுவதற்கு இது மற்றுமொரு காரணம்.

செலவு விகிதத்தையும் கவனிக்க வேண்டும். ஆண்டுச் செலவு 1 சதவீதம் கூடி, 10 சதவீத வளர்ச்சி 9 சதவீதமானால், நம் எடுத்துக்காட்டின் இறுதித் தொகையில் சுமார் 2.8 லட்சம் குறையும். வங்கி போன்ற விநியோகஸ்தர் வழியாக வாங்கும் வழக்கமான திட்டத்தில் தரகுத் தொகை அடங்கியிருக்கும். 2013 முதல் கிடைக்கும் நேரடித் திட்டத்தில் அது இல்லை. ஆலோசனை வேண்டுவோர் முன்னதையும், தாமே ஆராய்ந்து முடிவெடுக்க வல்லோர் பின்னதையும் கருதலாம். எதைத் தேர்ந்தாலும் வேறுபாட்டை அறிந்து தேர்வதே முறை.

கையெழுத்திடும் முன்

முதலாவது, ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகை சேமிப்புக் கணக்கிலோ வைப்பிலோ இருக்கட்டும். அது இல்லாதவர்கள் மருத்துவச் செலவு வந்தால் எஸ்.ஐ.பி.யை உடைக்க நேரும். அது பெரும்பாலும் சந்தை தாழ்ந்திருக்கும் வேளையாக அமைந்துவிடலாம்.

இரண்டாவது, சம்பாதிப்பவர் பெயரில் போதிய டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கட்டும். அவர் இல்லாமற்போனால் தவணை நின்றுவிடும், இலக்கு நிற்காது.

மூன்றாவது, தவணைத் தேதியை ஊதியம் வரவாகும் நாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் பின்னர் வைத்துக்கொள்க. கணக்கில் பணமின்றித் தவணை திரும்பினால் கட்டணம் பிடிக்கப்படலாம். தொடர்ந்து மூன்று மாதங்கள் தவறினால் வழக்கமாக எஸ்.ஐ.பி. ரத்தாகும்.

நான்காவது, நாமினி பெயரைப் பதிவு செய்க.

ஐந்தாவது, வங்கிக் கிளையில் விண்ணப்பித்ததால் பரஸ்பர நிதி வங்கி வைப்பாகிவிடாது. வைப்புகளுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு இதற்குப் பொருந்தாது. வங்கி இதற்கு உத்தரவாதம் அளிப்பதுமில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை போதும்

நிகர சொத்து மதிப்பை நாள்தோறும் பார்ப்பதால் பயனில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, சேர்ந்த தொகையைத் திட்டமிட்ட தொகையோடு ஒப்பிட்டால் போதும். மாதம் 7,600 ரூபாய்க் கணக்கில் ஐந்தாம் ஆண்டு முடிவில் சுமார் 5.9 லட்சமும், பத்தாம் ஆண்டு முடிவில் 15.7 லட்சமும் சேர்ந்திருக்க வேண்டும். சற்றுக் குறைந்திருந்தால் மாதத் தொகையை உயர்த்தலாம். கூடியிருந்தால் பாதுகாப்பான பகுதிக்கு முன்னதாகவே மாறத் தொடங்கலாம்.

இன்றைய பயிற்சி

ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதுங்கள்: இலக்கு, அதன் ஆண்டு, இன்றைய செலவு, அன்றைய செலவு, பாதுகாப்பான பகுதிக்கு மாறத் தொடங்கும் மாதம். இந்த ஐந்தையும் எழுதிக்கொண்டு கிளைக்கு வாருங்கள். எந்தத் திட்டம் என்ற கேள்வியை அதன் பின்னர் நாம் சேர்ந்து பேசுவோம்.

(எடுத்துக்காட்டில் உள்ள வளர்ச்சி விகிதங்கள் விளக்கத்துக்கான அனுமானங்களே. பரஸ்பர நிதி முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை. திட்டம் தொடர்பான ஆவணங்கள் அனைத்தையும் கவனமாகப் படித்த பின்னரே முதலீடு செய்யவும்.)