அரசு மாறினும் அழியாத கீர்த்தனைகள்

சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதர் 1775இல் திருவாரூரில் அவதரித்தார். 1799இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பனியாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அரசு சுருங்கிய அக்காலத்தில் தீட்சிதர் தலந்தோறும் சென்று மூர்த்திகளைப் பாடினார். திருவாரூர்க் கமலாம்பாள் மீது நவாவரணக் கீர்த்தனைகள் இயற்றினார். ஆங்கிலேயரின் பாண்ட் வாத்திய மெட்டுக்களையும் ஒதுக்காது, அவற்றுக்குச் சமஸ்கிருதத் துதிகளை அமைத்தார். அவையே நோட்டுஸ்வர சாகித்தியங்கள். தம்பி பாலுஸ்வாமியோ அந்நியரின் வயலினைக் கற்று எட்டயபுர சமஸ்தான வித்துவானானார். அவ்வூரிலேயே 1835இல் தீட்சிதர் இறைவனடி சேர்ந்தார்.

1855இல் தஞ்சை மன்னர் ஆண் வாரிசின்றி மறைய, அவ்வரசும் முடிவுற்றது. கீர்த்தனைகளோ சீடர் பரம்பரையில் வாழ்ந்தன. பாலுஸ்வாமியின் பேரர் சுப்பராம தீட்சிதர் 1904இல் அவற்றைச் சுரக் குறிப்புடன் நூலாக்கினார். அடியார்களே, பாடுவோரும் எழுதி வைப்போரும் இருக்கும்வரை பண்ணிசை அழியாது. நம் பிள்ளைகளுக்கும் அதைப் பயிற்றுவிப்போமாக.