பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லையா?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் பல் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் செய்யும் முதல் தவறு, வாஷ்பேசினில் துப்பிக்கொண்டே இருப்பது. துப்பத் துப்பக் குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். அதுதான் புண்ணுக்கு மூடி. உமிழ்நீரை விழுங்கிவிடுங்கள். முதல் நாள் எச்சிலில் இளஞ்சிவப்பு தெரிவது இயல்பே.

ரத்தம் கசிந்தால் சுத்தமான காஸ் துணியை ஈரமாக்கி, தடிமனாக மடித்து, குழியின் மேலேயே வைத்து 30 நிமிடம் அழுத்திக் கடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. காஸ் இல்லையென்றால் நனைத்த டீ பேக் உதவும்; தேயிலையின் துவர்ப்பு ரத்தத்தை உறையவைக்கும். தலையை உயர்த்திப் படுங்கள். கன்னத்தின் வெளிப்புறம் ஐஸ் ஒத்தடம் கொடுங்கள்.

24 மணி நேரத்துக்குக் கொப்பளிக்க வேண்டாம். சூடான காபி, புகை, மது, வெற்றிலைபாக்கு கூடாது. இளநீரையும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள். குழியில் மஞ்சள்தூளோ காபித்தூளோ வைக்கவே வைக்காதீர்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளித்தால் போதும்.

வலிக்காக நீங்களாக ஆஸ்பிரின் போடாதீர்கள், அது ரத்தப்போக்கைக் கூட்டும். ஆனால் இதயநோய்க்காக மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. பல் பிடுங்கும் முன்பே அந்த மருந்து எடுப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு முறை காஸைக் கடித்தும் வாயில் ரத்தம் நிறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பகலென்றால் பல் பிடுங்கிய மருத்துவரிடம், இரவென்றால் கோரிமேடு ஜிப்மர் அவசரப் பிரிவுக்கு உடனே கிளம்புங்கள்.