பல இடங்களில் தோன்றும் தோற்புற்றும் பரவுதல் பற்றிய ஐயமும்

மூக்கோரத்தில் இருந்த புற்றை அறுவை செய்து நீக்கிய ஒருவருக்குச் சில ஆண்டுகள் கழித்துக் காதருகே மற்றொன்று தோன்றினால், நோய் உடலெங்கும் பரவிவிட்டதென்று வீட்டார் முடிவு கட்டுவதும், சிகிச்சையைக் கைவிடுவதும் உண்டு. அடியணுப் புற்றைப் பொறுத்தவரை இம்முடிவு பெரும்பாலும் தவறானது.

தோலின் மேற்படையில் அடி வரிசையாக அமைந்த அணுக்களை ஒத்தவை இப்புற்றின் அணுக்கள். டப்ளின் நகர மருத்துவர் ஆர்தர் ஜேக்கப், இமையை அரிக்கும் புண்ணாக இதனை 1827-இல் விவரித்தார். வெயில் படும் முகத்திலேயே இது மிகுதி. நம் நாட்டவரிடம் பெரும்பாலும் கருநிறம் கலந்து தோன்றுவதால் மச்சமென எண்ணிவிடுகின்றனர். முத்துப்போல் மினுங்கும் விளிம்பைக் கவனித்தல் வேண்டும்.

உண்மையான பரவுதலுக்கு லாட்டெஸ், கெஸ்லர் என்போர் 1951-இல் வரையறை கூறினர். முதற்கட்டி தோலில் தோன்றியிருத்தல் வேண்டும். மற்றது அதன் தொடர்ச்சியாக இன்றித் தொலைவில், நிணநீர்க் கணு, நுரையீரல், எலும்பு போன்ற இடத்தில் இருத்தல் வேண்டும். இரண்டின் அணுவமைப்பும் ஒத்திருத்தல் வேண்டும். தோலில் புதிதாக எழும் கட்டி இவ்வரையறைக்குள் வராது. அது தனியே முளைத்த வேறொரு புற்று. உண்மையில் பரவியவை நூற்றுக்கு 0.0028 முதல் 0.55 வரை என்றே வெவ்வேறு கணக்குகள் கூறுகின்றன. சூழ்ந்துள்ள இணைப்புத் திசுவின் துணையின்றி இவ்வணுக்கள் வளர்தல் அரிது என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஆயினும் நெடுங்காலம் கவனியாது விடப்பட்டுப் பெருத்தவையும், மீண்டும் மீண்டும் தோன்றியவையும் பரவக்கூடும். பரவாவிடினும் கண்ணையும் மூக்கெலும்பையும் அரித்துவிடும். ஆகவே தாமதத்துக்கு இது சாக்காகாது.

பல கட்டிகள் தோன்றினால் காரணத்தைத் தேடுதலே முறை. மேற்கு வங்காளத்தில் ஆர்செனிக் கலந்த கிணற்று நீரைப் பல ஆண்டுகள் பருகியோரிடம் உள்ளங்கை தடித்தலும் பின்னர்த் தோற்புற்றுகளும் காணப்பட்டன. சிறு குழந்தைக்கு வெயில் பட்ட இடமெல்லாம் புள்ளிகள் படர்ந்தால், கதிரால் பழுதுற்ற மரபுப் பொருளைச் சீராக்க இயலாத பரம்பரை நோயை ஐயுறலாம். இளமையிலேயே பல கட்டிகள், தாடையெலும்பில் நீர்க்கட்டி, உள்ளங்கையில் நுண்குழிகள் ஆகியவை சேர்ந்திருப்பின், அது கார்லின், கோல்ட்ஸ் ஆகியோர் 1960-இல் விவரித்த பரம்பரை நோயாகலாம்.

ஐதராபாத்தில் 1955-இல் தொடங்கப்பெற்ற மெஹ்தி நவாஸ் ஜங் புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு நோயாளியை அனுப்பும் களப்பணியாளர், வயது, குடிநீர், குடும்ப வரலாறு, முன்னர் நீக்கிய கட்டிகளின் இடம் ஆகியவற்றைச் சீட்டில் குறித்தனுப்புதல் நன்று. கார்லின் நோயாளிகளுக்குக் கதிர் சிகிச்சை இயன்றவரை தவிர்க்கப்படுகிறது. கதிர் பட்ட பரப்பிலேயே பின்னாளில் புதிய கட்டிகள் ஏராளமாக முளைக்கக்கூடும்.