எல்லையில் இரண்டு சீட்டுகள்

சுங்கைப்பட்டாணியிலிருந்து தாய்லாந்தின் ஹட்யாய் நகருக்கு அன்றாட இரயிலில் செல்வோர் இரண்டு பயணச்சீட்டுகள் வாங்குதல் வேண்டும். முதற்சீட்டு பெர்லிஸ் மாநிலத்தின் எல்லையூராகிய பாடாங் பெசார் வரைக்கும் உரியது. அங்கு இறங்கி, தாய்லாந்து இரயில்வேயின் சீட்டைப் பெறுதல் வேண்டும். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் அந்நிலையத்திலேயே நடைபெறும். கடப்பிதழை வீட்டில் மறந்து வந்தவர் அங்கிருந்தே திரும்ப வேண்டியதுதான்!

இரு நாட்டுத் தண்டவாளங்களும் ஒரு மீட்டர் அகலமுடையவை. ஆதலின் முன்பு பேங்காக்கிலிருந்து பட்டர்வொர்த் வரை ஒரே வண்டி ஓடியது. 2016ஆம் ஆண்டில் அவ்வண்டி பாடாங் பெசாரோடு நிறுத்தப்பட்டது.

தாய்லாந்து நேரம் நம் நேரத்திற்கு ஒரு மணி பிந்தியது. அந்நாட்டுச் சீட்டில் 10 மணி என்றிருப்பின், நம் கடிகாரத்தில் அது 11 மணி. போகும்போது இதனை மறந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க நேரிடும். அங்குள்ள கடிகாரத்தை நம்பித் திரும்பும்போது மறந்தாலோ, சுங்கைப்பட்டாணி வண்டி புறப்பட்டுப் போயிருக்கும்.