கம்ப்யூட்டரில் ஒரு கவாத்து

கம்பம் அருகே சுருளிப்பட்டியில் என் பெரியப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் உள்ளது. தோட்டக் கணக்கு எழுத அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதமாகியும் பெரியப்பா அதனைத் தொடவில்லை. "இது இங்கிலீஷ் படிச்சவங்க பொட்டிப்பா. எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். சம்பந்தம் அந்தப் பெயரிலேயே இருந்தது!

நீங்களும் தேடிப் பார்க்கலாம். பிரவுசரைத் திறந்து ஆங்கில விக்சனரி தளம் செல்லவும். தேடல் கட்டத்தில் கம்ப்யூட்டர் என்பதன் ஸ்பெல்லிங்கைக் கடைசி எழுத்தான ஆர் இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும். 'கணக்கிடு' என்று பொருள்படும் வினைச்சொல் இது. கிடைக்கும் பக்கத்தில் எட்டிமாலஜி என்ற தலைப்பின் கீழ் அச்சொல் வந்த வழி இருக்கும். அங்குள்ள லத்தீன் சொற்களில் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்திடவும்.

கம்ப்யூட் என்பது லத்தீன் மொழியின் கொம்புட்டாரே என்ற சொல்லிலிருந்து வந்தது. கொம் என்றால் சேர்த்து. புட்டாரே என்றால் சுத்தம் செய்தல், கிளை கழித்தல். ரோமானியர்கள் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்வதற்கும் இச்சொல்லையே பயன்படுத்தினர். கணக்கை நேர் செய்தல், எண்ணுதல், கருதுதல் ஆகிய பொருள்களும் இதற்கு உண்டு. எண்ணுவதைக் குறிக்கும் கவுண்ட், நாம் லாக்-இன் செய்யும் அக்கவுண்ட் ஆகியவையும் இதே வேரில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தவைதான். 1613ல் வெளியான ஓர் ஆங்கில நூலில் கம்ப்யூட்டர் என்ற சொல் கணக்கிடும் மனிதரைக் குறித்தது. இயந்திரத்திற்கு அப்பெயர் வந்தது பிற்காலத்தில்தான்.

இதனைச் சொன்னதும் பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப கவாத்து தேதியப் போட்டா அறுவடை தேதியச் சொல்லுமா?" என்றார். அவருடைய 3 தோட்டங்களிலும் கவாத்து வெவ்வேறு நாளில் நடக்கும். தேதி தவறினால் வெட்டுக்கு ஆளும் கிடைக்காது, வியாபாரியும் வரமாட்டார்.

எக்ஸெல் திறந்து ஏ2 செல்லில் கவாத்து தேதியை டைப் செய்தோம். பி2 செல்லில் சமக்குறி போட்டு, ஏ2+120 என அமைத்து என்டர் தட்டினோம். 120 என்பது பெரியப்பாவின் அனுபவக் கணக்கு. தேதிக்குப் பதில் ஏதேனும் எண் தெரிந்தால், அந்த செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் சென்று, டேட் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும்.

மற்ற 2 தோட்டங்களின் தேதிகளை அவரே டைப் செய்தார். உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டரைத் தொடத் தயங்குபவர் இருந்தால், அவருடைய தொழில் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.